செல்வி எழுதிய ‘நம்ம’

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கீழே மிளகுக் கிடங்கு, மேலே நம் அறை. மாடிப்படி ஏறி வருகிறவரைப் பார்த்தாலே எனக்கு ஓரளவு தெரிந்துவிடும், ஆன்லைனில் புதுசாகக் கடை போட வந்தவரா, போட்ட கடை மூடிப்போய் வந்தவரா என்று. புதுசாகப் போட வருகிறவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். மூடிப்போனவருக்கு ஒரு செருப்பு படியிலும் ஒரு செருப்பு வாசலிலும் கிடக்கும்.

ஆன்லைன் கடைக்காரர்களுக்கு அப்பீல் எழுதிக் கொடுக்கும் வேலையை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் போன் ஓயவில்லை. “அக்கா, இன்னொரு அக்கவுண்டோட லிங்க் ஆயிருக்குன்னு சொல்லி சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அப்பீல்ல என்ன எழுதட்டும்?” என்று கேட்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர்கள், எழுதத் தெரிந்தவர்கள். ஆனால் என்ன எழுதுவது என்ற கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது. முதலாவது எது என்று போனில் சொன்னால் நிற்காது. ஒரு கதையாகச் சொன்னால் நிற்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவள் இல்லை. மசாலா ஏற்றுமதி ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது ஆபீஸில் மற்றவர்கள் அதைத் தொடப் பயந்தார்கள், நான் தொட்டேன், அவ்வளவுதான் என் படிப்பு. மீதியெல்லாம் வந்தவர்கள் வாயிலிருந்து கற்றுக்கொண்டது. மனிதர்கள் ஆத்திரத்தில் சொல்கிற வார்த்தைகள் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. அக்கவுண்ட் போன ஒரு தேயிலைக்காரர், “கடையைப் பூட்டினது யாருன்னே தெரியல, சண்டை போடவாவது ஒரு ஆளு வேணாமா?” என்றார். இன்னொருவர் ஆன்லைன் விற்பனைத் தளத்திலிருந்து வந்த மெயிலை என் முன்னால் நீட்டி, “சாவு நியூஸ் மாதிரி இருக்கு, யாரு செத்தாங்கன்னு மட்டும் போடல” என்றார். நம் தொழிலின் பாதிக் கஷ்டம் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

மீதிப் பாதியை எனக்குச் சொன்னது முகம் தெரியாத ஒரு பெண். தளத்தில் விற்பவர்களுக்கு உதவி செய்யும் பிரிவிலிருந்து பேசியவர். பெயர் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. தொடக்க காலத்தில், நான் விடாமல் நச்சரித்த ஒரு நாளில், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “மேடம், எங்களுக்குக் கடை தெரியாது. கோடுதான் தெரியும்.” ஒரே வைஃபை, ஒரே போன், ஒரே விலாசம், ஒரே பேங்க். இதில் எது ஒத்துப்போனாலும் இரண்டு அக்கவுண்டுக்கு நடுவில் ஒரு கோடு விழும். கோட்டின் ஒரு முனையில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் மறுமுனையில் இருப்பவரையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே ஆளுடையதா என்று பிறகுதான் கேட்பார்கள்.

நம் கொச்சங்காடிச் சந்துகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருத்தர் வைஃபை வாங்கினால் மூன்று சுவருக்கு அந்தப் பக்கம் வரை அதன் பாஸ்வேர்டு தெரியும். சந்துக்குள் கூரியர் வண்டி வராது, அதனால் முனையில் இருக்கிற கிடங்கு வாசல்தான் எல்லோருக்கும் பிக்கப் விலாசம். அந்தப் பெண் சொன்ன கோட்டைப் போட்டுப் பார்த்தால் நம் சந்து முழுவதும் ஒரே ஆளின் கடைதான்.

செல்வி அந்தச் சந்தில்தான் இருந்தாள். தேனிப் பக்கத்துப் பெண். அவள் கணவர் மாரியப்பன் கிடங்கில் மூட்டை தூக்க வந்தவர், முதுகு போனபிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வீடு ஓடியது செல்வியின் பொடியில். சாம்பார் பொடி, ரசப்பொடி, மீன் குழம்பு மசாலா. வாசலில் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றதெல்லாம் ஆன்லைன். எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் “எங்க வீட்டு வாசனை” என்று அவள் பொடிக்குக் கீழே எழுதிவைத்திருந்தார்கள். அந்த அக்கவுண்ட் ஓணத்துக்கு முன்னால் பூட்டிக்கொண்டது. அரைத்த பொடி டின்களில் நிற்கிறது. பொடி அரிசி மாதிரி இல்லை, காத்திருந்தால் வாசனை இறங்கிவிடும்.

காரணம், அடுத்த கடை ஹம்ஸா இக்கா. சுக்கு, ஏலக்காய் விற்பவர், சந்தில் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி, செல்வியின் வைஃபைதான் அவருக்கும். அவருடைய அக்கவுண்டை அதே தளம் முன்பே நிறுத்தியிருந்தது. அவர் செய்த குற்றம் மெயிலைத் திறக்காததுதான். சரக்கு வாங்கிய பில்லும் விலாசச் சான்றும் கேட்டு எழுதியிருந்தார்கள், அவர் பதில் போடவில்லை. “விற்க அனுமதி இல்லாத ஓர் அக்கவுண்டோடு நீங்கள் தொடர்புடையவர்” என்று செல்விக்கு மெயில் வந்தது அதனால்தான்.

என்னிடம் வருவதற்கு முன்பே செல்வி தானாக ஓர் அப்பீல் போட்டிருந்தாள். போனில் தமிழில் சொல்லி, போனே அதை இங்கிலீஷாக்கி, அதை அப்படியே அனுப்பிவிட்டாள். இரண்டு கடையும் நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதால் அப்பீல் தள்ளுபடி என்று பதில் வந்திருந்தது. அதை நீட்டி, “நான் எங்கக்கா ஒத்துக்கிட்டேன்?” என்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் சண்டைக்குத் தயாராக இருந்தது. அது எனக்குப் பிடித்தது. அழுகிறவர்களிடம் விஷயம் கறப்பது கஷ்டம்.

அவள் அனுப்பிய இங்கிலீஷைப் படித்தேன். ஹம்ஸாவின் கடையும் எங்களுடைய கடைதான் என்று தெளிவாக இருந்தது. “தமிழ்ல என்னம்மா சொன்னே?” என்று கேட்டேன்.

“உள்ளதைத்தான் சொன்னேன். ஹம்ஸா இக்கா கடையும் நம்ம கடைதான், அவரு தப்பான ஆளு கிடையாதுன்னேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு விளக்கினேன். நாம் நம்ம பஸ் என்கிறோம், நம்ம டாக்டர் என்கிறோம், நம்ம போலீஸ்காரர் என்றுகூடச் சொல்கிறோம். யாரும் அந்த பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் என்று அர்த்தம் இல்லை. எனக்கு மட்டும் சொந்தம் என்றால் ‘எங்க’ என்போம். உனக்கும் எனக்கும் வேண்டப்பட்டது என்றால் ‘நம்ம’. மலையாளத்திலும் இந்த இரண்டு வார்த்தை உண்டு, கொச்சியில் யாருக்கும் இது குழம்பாது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். பாசத்தோடு சொன்னது அந்தப் பக்கம் போய் வாக்குமூலமாக இறங்கியிருக்கிறது.

செல்வி போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பிறகு, “அப்ப அந்த ஊருக்காரங்க பக்கத்து வீட்டை எப்படித்தான் சொல்வாங்க?” என்று கேட்டாள்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். ஒரு தடவை தள்ளிய அப்பீலை அவர்கள் மறுபடி படிப்பார்கள், ஆனால் பொறுமை குறைந்திருக்கும். அடுத்ததும் சொதப்பினால் அதற்கடுத்து வருவதை யாரும் கண் கொண்டு பார்ப்பதில்லை. ஆகவே செல்விக்கு இருந்தது அநேகமாக ஒரே வாய்ப்பு. அந்த ஒன்றில் என்ன எழுதுவது என்று ஆளுக்கொரு யோசனை வந்தது.

முதல் யோசனை மாரியப்பனுடையது. அவர் பெயரில் புது சிம், புது அக்கவுண்ட், இதே பொடி. இதை உங்களிடமும் தினம் யாராவது சொல்வார்கள். அதே வீடு, அதே பேங்க், அதே பொடியின் போட்டோ. அடுப்பில் வைத்த சாயா கொதிப்பதற்குள் கோடு போட்டுவிடுவார்கள். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இதுவரை செல்வி தப்பு செய்யாதவள். புது அக்கவுண்ட் திறந்த நிமிஷத்திலிருந்து தப்பு செய்தவள் ஆகிவிடுவாள். தன் பக்கம் நியாயம் இருக்கிற ஆளை அவசரத்தில் ஏமாற்றுக்காரராக்கிவிடாதீர்கள். நம்மிடம் வருகிறவர்களிடம் இருக்கும் ஒரே கைமுதல் அந்த நியாயம்தான்.

இரண்டாவது யோசனை இன்னும் கவர்ச்சியானது, செல்வி இப்படி எழுதுவது. ஹம்ஸா யாரென்றே தெரியாது, கேட்காமல் என் வைஃபையை உபயோகித்திருக்கிறார், இப்போது பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன். சின்னதாக, சுத்தமாக, படித்தவுடன் புரிகிற மாதிரி இருக்கும். இப்படி எழுதி ஜெயித்தவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

நான் எதையும் எழுதவில்லை. பாலில்லாத கட்டன் சாயா வரவழைத்துச் செல்வியைப் பேசவிட்டேன். முதலாவது கேள்வி என்று சொன்னேனே, அது இதுதான். உனக்கும் அந்த அக்கவுண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், மனசார நம்பியே சொல்வார்கள். அப்படிக் கேட்காமல், அந்த இக்கா எப்படிப்பட்டவர், கடைசியாக எதற்கு உன் வாசலுக்கு வந்தார் என்று கேளுங்கள். செல்வி அவர் சுக்கைப் பற்றிப் பேசினாள், அவர் மனைவியின் கால்வலியைப் பற்றிப் பேசினாள், மழைக்காலத்தில் படகுத்துறையில் போட்டிலிருந்து இறங்கும்போது அவர் போன் தண்ணீரில் விழுந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். புதுப் போன் வாங்கும் வரை அவர் என்ன செய்தார் என்று கேட்டேன்.

“என் போன்லதான் பார்த்துக்கிட்டாரு. அவரு ஆர்டர், லேபிள் எல்லாம் அதுலதான் எடுத்தோம்.”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“போன் கேட்டாக் குடுக்கிறதுதானக்கா. அதைப் போய் யாரு ஞாபகம் வெச்சுக்குவா?”

அவள் ஞாபகம் வைக்கவில்லை. தளம் வைத்திருந்தது. அவளுடைய போனிலிருந்து அவருடைய அக்கவுண்டுக்குள் நுழைந்த தடயம் அவர்களிடம் இருந்தது. இந்த ஆளைத் தெரியாது என்று நாம் எழுதியிருந்தால் நம் கடைசி வாய்ப்பை நாமே பொய்யென்று நிரூபித்துக் கொடுத்திருப்போம்.

இதற்கு நடுவில் யாரோ சொல்லி ஹம்ஸா இக்காவே படியேறி வந்துவிட்டார். பெரிய உருவம், மூச்சு வாங்கியது. தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். உட்காரக்கூட இல்லை. “சேச்சி, ஒண்ணும் யோசிக்க வேண்டா. ஹம்ஸா வைஃபை திருடினான்னு எழுது. என் கடைதான் போயாச்சு. கள்ளன்னு பேரு வந்தா எனக்கு என்ன நஷ்டம்?”

செல்வி எழுந்துவிட்டாள். அப்படி எழுதினால் அந்த அக்கவுண்டே தனக்கு வேண்டாம், வாசலில் உட்கார்ந்து விற்றுக்கொள்கிறேன் என்றாள். மாரியப்பன் அவளை முறைத்தார். டின்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

எனக்கு அந்த இடத்தில்தான் வெளிச்சம் கிடைத்தது. எல்லோரும் செல்வியின் பூட்டையே ஆட்டிக்கொண்டிருக்கிறோம். பூட்டு விழுந்த இடம் பக்கத்துக் கடை. ஹம்ஸா இக்காவின் அக்கவுண்ட் சுத்தமாகி எழுந்துவிட்டால் செல்வியைப் படுக்க வைக்கக் காரணமே இல்லாமல் போகும். அவர் கொடுக்க வேண்டியது பில்லும் விலாசச் சான்றும் மட்டும். இரண்டும் அவரிடம் ஒழுங்காகவே இருந்தன. அவர் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. “நான் இந்தச் சந்தில் இருக்கேன்னு நான் காட்டணுமா? யாருக்கு? என் வாப்பா உட்கார்ந்த கடையில நான் உட்கார்ந்திருக்கேன். வந்து பார்க்கட்டும்.”

“இக்கா, திருடன்னு எழுதச் சொல்றீங்க. ஒரு பில்லைக் காட்டச் சொன்னா கௌரவம் போகுதா?”

நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தேன். ஹம்ஸா இக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். செல்வியைப் பார்த்தார். பிறகு என்னிடம், “என்னென்ன கேட்டிருக்கான், வாசி” என்றார்.

அவருடைய காகிதங்களை அனுப்பினோம். இனித்தான் கஷ்டம். செல்வியின் அப்பீலைக் கூடவே அனுப்பலாமா, நிறுத்திவைக்கலாமா? ஓணம் நெருங்குகிறது. மாரியப்பன் தினமும் வந்தார். “உங்களுக்கு என்னக்கா, பொடி எங்க வீட்டுலதானே இருக்கு” என்றார். இருந்தும் அனுப்பவில்லை. பக்கத்து அக்கவுண்ட் பூட்டியிருக்கும்போது செல்வி என்ன எழுதினாலும் அது சாக்காகத்தான் தெரியும். அது திறந்தபிறகு எழுதினால் அதே வார்த்தை விவரமாகத் தெரியும். அவசரப்படுகிறவர் வீட்டில் நஷ்டம் இருக்கிறது, உண்மை. அதற்காக நம் நிதானத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டால் அவருக்கு நம்மால் என்ன பிரயோஜனம்? திட்டு வாங்கிக்கொண்டு காத்திருப்பதும் நம் வேலைதான். சாயா வாங்கிக் கொடுத்துக்கொண்டே திட்டு வாங்கினேன்.

அந்த நாட்களைச் சும்மா விடவில்லை. ஹம்ஸா இக்கா தனக்கென்று ஒரு வைஃபை இணைப்பு வாங்கினார். முனைக் கிடங்கு விலாசத்தை எடுத்துவிட்டு அவரவர் கடை வாசலையே பிக்கப் விலாசமாக மாற்றினோம். கூரியர்காரர் முணுமுணுத்தார், சந்துக்குள் நடக்க வேண்டுமே. ஹம்ஸா இக்கா அவருக்கு ஏலக்காய் போட்ட சாயா கொடுத்துச் சரிசெய்தார்.

ஹம்ஸா இக்காவின் அக்கவுண்ட் திறந்தது. சந்தில் ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடத் தொடங்கியிருந்தார்கள். அன்றே செல்வியின் அப்பீலுக்கு உட்கார்ந்தேன். இரண்டு கடை, இரண்டு உரிமையாளர். ஹம்ஸாவின் போன் பழுதானபோது அவரது அக்கவுண்டை என் போனில் திறந்தது உண்மை. இன்னின்ன மாற்றியாயிற்று. கடைசி வரியாக, எனக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை என்று எழுதி, செல்விக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“உறவு இல்லைன்னு போடாதீங்கக்கா” என்றாள். “வியாபார உறவு இல்லைன்னு போடுங்க.”

படிக்கிறவர் அவசரத்தில் படிக்கிறார். ‘வியாபார’ என்று சேர்த்தால், அப்படியானால் வேறு என்ன உறவு என்று கேள்வி வரும். மூடுகிற கதவில் நாமே விரலை வைப்பது மாதிரி. இதைச் சொன்னேன். மாரியப்பனும் தலையில் அடித்துக்கொண்டார். அவள் அசையவில்லை. ஏற்கெனவே ஒரு வார்த்தை அதிகமாகப் போட்டு மாட்டிக்கொண்டேன், இப்போது ஒரு வார்த்தை குறைத்துப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டாள்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்பீல் எழுதுவது நாம். அதன்கீழ் வாழப்போவது அவர்கள். அவளுக்குப் பொய்யாகப் படுகிற ஒரு வரியை அவள் பெயரில் அனுப்ப எனக்கு உரிமை இல்லை. ‘வியாபார’ என்று சேர்த்து அனுப்பினேன்.

நான் பயந்தது நடந்தது. ஒற்றை வரியில் பதில் வந்தது. உங்களுக்குள் இருக்கும் வேறு தொடர்பு என்ன, விளக்கவும்.

இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு மெயிலை நான் பார்த்ததில்லை. வழக்கமாக வருவது அச்சில் வார்த்த பதில். இது யாரோ ஓர் ஆள் விரலால் தட்டிய கேள்வி. அந்தப் பக்கம் படித்திருக்கிறார்கள். நான் உடனே பதில் தயாரிக்க உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்தவர், அருகருகே கடை, நட்பு முறை, இப்படி மூன்று வரி எழுதி மூன்றையும் அழித்தேன். எல்லாம் வக்கீல் எழுதினது மாதிரி இருந்தது. கடைசியில் செல்வியைக் கூப்பிட்டு, நீயே சொல்லு, நான் அப்படியே இங்கிலீஷில் போடுகிறேன் என்றேன்.

அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “பக்கத்துக் கடை. அவரு ஷட்டர் தூக்குற சத்தம் கேட்டுத்தான் காலையில நான் என் கடையைத் திறப்பேன். அவ்வளவுதான்க்கா.”

ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் அதைப் போட்டேன். ‘நம்ம’ மட்டும் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் பஜாருக்கு வரும் வழியில் செல்வி போன் செய்தாள். நான் ஹலோ சொல்வதற்குள் எடுத்த எடுப்பில், “ஆர்டர் வந்திருக்குக்கா, ரசப்பொடி” என்றாள். கடை திறந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன், அவள் அதற்குள் என்னை விட்டுவிட்டுச் சந்துப் பக்கமாக, இக்கா, இக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.